துரையின் முதுகுச் சூடு

எங்கள் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுப் பதில் வருவதற்குள் நாவலில் ஒன்றரைப் பக்கம் படித்துவிடலாம். எண்பத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் அது இரண்டு பக்கமாக வளர்ந்தது. மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அடித்துக்கொள்ளவில்லை. கவுஞ்சியிலிருந்து வந்த பூண்டு மூட்டைகளைப் பதிந்துவிட்டு மேசை டிராயரைக் கொஞ்சம் திறந்தால் உள்ளே புத்தகம் விரித்தபடி கிடக்கும். திரையில் பச்சைக் கட்டம் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கும். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். சம்பளமும் கொடுத்து இப்படியொரு நிசப்தத்தையும் கொடுக்கும் உத்தியோகம் வேறெங்கே கிடைக்கும்?

அதனால்தான், புது மிஷின் வரப்போகிறது என்று செக்ரட்டரி சேனாதிபதி ஹாலில் நின்று அறிவித்தபோது நான் கை தட்டவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் திருமலைச்சாமியும் தட்டவில்லை. கூட்டிப் பெருக்கும் வீரம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். என் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அவர்கள் காரணம் மிஷினின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மேல்மலை விவசாயிகளின் காய்கறியையும் பூண்டையும் வாங்கி விற்கும் சின்னச் சங்கம் எங்களுடையது. வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்று மனமிரங்கி அந்த யூனிக்ஸ் மிஷினை வாங்கிக் கொடுத்திருந்தது. இரும்பு பீரோவில் பாதி உயரம் இருக்கும். அதிலிருந்து வயர் இழுத்து ஹாலில் நான்கு டெர்மினல். நாங்கள் தட்டுவது டெர்மினலில். யோசிப்பதெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனி அறையில் நிற்கும் அந்தப் பெட்டி. அறைக் கதவில், ‘காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்று பலகை. மிஷினுக்குத் தூசி ஆகாது என்று மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் போட்ட நிபந்தனை. ஏ.சி. இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. கொடைக்கானலில் ஏ.சி.! சேனாதிபதி அதையும் வாங்கி மாட்டினார். ஒரு நாளும் ஓடியதில்லை. அதற்குப் பூப்போட்ட துணியில் தரை வரை தொங்கும் பெரிய உறை தைத்துப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி வழியாகக் காட்டுவார்.

கண்ணாடி வழியாகத்தான். அவர் உள்ளே போனதில்லை. மார்கழியில் அந்தச் சிமெண்டுத் தரையில் காலை வைத்தவன், பிறகு வெகுநேரம் அது தன் கால்தானா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். சேனாதிபதி குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனாலும் சாக்ஸைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே கும்பிட்டுத் திரும்புகிறவர். ஆக, அந்த அறைக்குள் போய்வரும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் தானாக அமைந்துவிட்டது. திருமலைச்சாமி போனான், அது அவன் வேலை. வீரம்மா போனாள், அவள் செருப்பே போடுவதில்லை.

வீரம்மா இலங்கையில் அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். கப்பலேறி வந்து அட்டுவம்பட்டியில் குடியமர்ந்தவர்களில் ஒருத்தி. காலையில் ரோட்டு வளைவில் தார்ப்பாய் கட்டிப் பலகாரக் கடை போடுவாள். அதை முடித்துக்கொண்டு சங்கத்துக்கு வருவாள். முதலில் தேங்காய் ரொட்டியும் சம்பலும்தான் போட்டாள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் தின்றார்கள், இரண்டு நாள் தின்றார்கள், அப்புறம் “இட்லி கெடையாதாக்கா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்கள். சரியென்று இட்லிக்கு ஆட்டினாள். அங்கேதான் மலை குறுக்கே நின்றது. கீழே கன்னிவாடியில் சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு விடிவதற்குள் பானையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிடும். இங்கே அதே மாவு, விடிந்தாலும் அடைந்தாலும் வைத்த அளவிலேயே மரியாதையாக உட்கார்ந்திருக்கும். கம்பளி சுற்றிப் பார்த்தாள். அடுப்போரம் வைத்துப் பார்த்தாள். அவள் புருஷன் நல்லையா பானையைக் கட்டிக்கொண்டே சில நாள் தூங்கிப் பார்த்தார்.

“மாவு பொங்கலிங்க. அவருக்குத்தான் சளி புடிச்சுச்சு” என்பாள்.

கம்ப்யூட்டர் வந்த வருஷம், அறையைத் துடைக்கப் போனவள் மிஷினுக்குப் பின்னால் கையை நீட்டியிருக்கிறாள். அங்கே விசிறி வழியாக வெதுவெதுவென்று காற்று வந்துகொண்டிருந்தது. மிஷினை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்பது கம்பெனியின் மூன்றாவது நிபந்தனை. கரண்ட் போனாலும் விதைக்கிழங்குக் கிடங்கின் ஜெனரேட்டர் அதை ஓட்டும். இராப்பகலாக அந்தக் காற்று நிற்காது.

அன்று சாயங்காலம் ஒரு எவர்சில்வர் தூக்கு அறைக்குள் போனது. மறுநாள் காலை அதன் மூடி தரையில் கிடந்தது.

அதன் பிறகு அவள் இட்லியைப் பற்றி அட்டுவம்பட்டியில் யாரும் கேள்வி கேட்கவில்லை. தூக்கு பானையானது, பானை அண்டாவானது. மிஷினுக்குத் தொரை என்று பெயர் வைத்தாள். “தோட்டத்துல எத்தன தொரையப் பாத்திருக்கேன். ஒருத்தராச்சும் எங்களுக்கு ஒரு நல்லது செஞ்சதில்ல. இவரு முதுகக் காட்டிக்கிட்டு நின்னே செய்யுறாரு பாருங்க.”

திருமலைச்சாமி இதை ஒரு நாள் கண்டுபிடித்தான். கவுஞ்சிக்காரன், பூண்டு விவசாயியின் மகன், மதுரையில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துவிட்டு வந்த சூடு இன்னும் ஆறாதவன். அண்டாவைத் தூக்கி வெளியே வைப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் குனிந்து மாவை முகர்ந்து பார்த்துவிட்டு யோசித்தான்.

“அக்கா, ராத்திரியில தொரைக்குச் சோலி ஒண்ணும் இல்ல, சும்மா நிக்காரு. அதான் சூடு இம்புட்டுத்தான் வருது. வேல குடுத்தா இன்னும் சூடாவாரு.”

அப்படி அவன் எழுதியதுதான் ‘மாவு’ என்ற ப்ரோக்ராம். டிஸ்க்கில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படிக்கும். படித்ததைத் தூக்கிப் போடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்று முடியும்போதெல்லாம் ‘மணி ஆறா?’ என்று கேட்கும். காலை ஆறென்றால் நின்றுவிடும். எல்லோரும் போன பிறகு அவன் உட்கார்ந்து இதைத் தட்டுவான். வீரம்மா கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவளைப் பொறுத்தவரை அது மந்திரம். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடி வழியாக இதைப் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. டிராயருக்குள் புத்தகம் வைத்திருக்கிறவள், அடுத்தவர் அண்டாவைப் பற்றிப் பேசக் கூடாது.

மிஷின் மெதுவாகத் தொடங்கியதும் சேனாதிபதி கம்பெனிக்கு எழுதினார். என்ஜினியர் ஞானவேல் மெட்ராஸிலிருந்து வந்தார். மங்கி கேப்பும் மப்ளரும் போக மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. ஷூவைக் கழற்றினார், அறைக்குள் ஒரு காலை வைத்தார், எடுத்துவிட்டார்.

“இங்கேர்ந்தே பாத்துடலாம் மேடம்” என்று என் டெர்மினலில் உட்கார்ந்து ஏதோ தட்டினார். பதில் வருவதற்குள் ஒரு தம்ளர் காபி தீர்ந்தது. திறந்திருந்த டிராயரை எட்டிப் பார்த்து, “நாவலா? நல்லா இருக்கா?” என்றார். திரையில் பாதிப் பதில் வந்திருக்கும், எழுந்துவிட்டார். மிஷினுக்குத் திறன் போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை வந்தபோதும் இதே கதைதான், காபி மட்டும் இரண்டு தம்ளர். ஒப்பந்தப்படி, திறன் போதாவிட்டால் கம்பெனி தன் செலவிலேயே வேறு மிஷின் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

“புதுசு மேஜை மேலயே வைக்கலாம் சார்” என்று சேனாதிபதியிடம் சொன்னார். “சத்தம் கெடையாது. பின்னாடி கை வச்சுப் பாருங்க, சூடே இருக்காது. ஜில்லுன்னு இருக்கும்.”

சேனாதிபதி அந்தக் கையோடு ஹாலில் நின்று அறிவித்தார். வீரம்மா துடைப்பத்தை நிறுத்தியது அந்த இடத்தில்தான்.

சேனாதிபதிக்கு விழா என்றால் உயிர். புது மிஷினுக்குத் திறப்பு விழா வைத்தார். மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வரச் சம்மதித்தார். காலைப் பலகாரம் யாரிடம் சொல்வது என்ற பேச்சு வந்தது.

“ஏய் வீரம்மா, ஒன் இட்லி பஞ்சு மாதிரி இருக்காமே, ஊரே சொல்லுது. விழாவுக்கு நீயே போட்டுரு. அதிகாரி வாயில வச்சுப் பாராட்டிட்டாருன்னா, பின்னாடி கட்டுற புது ஷெட்டுல கேன்டீன் ஒனக்குத்தான். கல்லு மாதிரி இருந்துச்சுன்னு வையி, பஸ் ஸ்டாண்டு ஓட்டல்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குக் குடுத்துருவேன்.”

தார்ப்பாய்க்குக் கீழே மழையில் அடுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளுக்குக் கூரை போட்ட கேன்டீன்! முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணம் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற தொரையைப் பார்த்தாள். விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் பழைய மிஷினை நிறுத்துவதாகத் திட்டம். மாவு பொங்க வேண்டியது அன்று இரவு.

சேனாதிபதி போன பிறகு திருமலைச்சாமியைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, புதுத் தொரை நெசமாவே சூடாவ மாட்டாராங்க?”

“ஆவ மாட்டாருக்கா.”

“நீங்க மந்திரத்த இன்னும் பலமாப் போட்டாலும்?”

“அது வேற சாதி மிஷினுக்கா. எம்புட்டுப் போட்டாலும் குளுந்துதான் கெடக்கும்.”

“அப்ப எதுக்குங்க அந்தாளு அதப் பெருமையாச் சொன்னாரு?”

அவன் என்னைப் பார்த்தான். நான் டிராயரைப் பார்த்தேன். வெளியே யூகலிப்டஸ் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

விழாவுக்கு முதல் நாள் ஞானவேல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் டேப் கேசட்டுகள் அடங்கிய பெட்டி. புது மிஷின் லாரியில் பின்னால் வருகிறது என்றார். முந்திய இரவிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு முன் போன் வந்தது. மலைப் பாதையில் மண் சரிந்து லாரி பாதியில் நிற்கிறதாம். சேனாதிபதி பந்தலுக்கும் மாலைக்கும் அலைந்துகொண்டிருந்ததால் போனை எடுத்தது நான்தான்.

“பரவால்ல, அதுக்குள்ள பழசுல இருக்கிறதெல்லாம் டேப்ல எடுத்துடுவோம்” என்றார் ஞானவேல். இந்த முறை தப்ப வழியில்லை. டேப்பைப் பெட்டியில்தான் சொருக வேண்டும். சாக்ஸுக்கு மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். நானும் டேப்புகளுக்குச் சீட்டு ஒட்டப் போனேன்.

உள்ளே போனதும் மூக்கைச் சுருக்கினார். “என்ன இது, புளிச்ச வாசனை?”

“மழை சார்” என்றான் திருமலைச்சாமி. “மழைக்குச் சுவரு இப்பிடித்தான் நாறும்.”

மிஷினுக்குப் பின்னால், விழாவுக்கான முழு மாவும் இரண்டு அண்டாக்களில் இருந்தது. தொரை நிற்கப்போகும் மத்தியானத்துக்குள் கிடைக்கிற சூட்டையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று வீரம்மா விடியற்காலையிலேயே ஆட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவள் மூலையில் நின்று, ஏற்கெனவே துடைத்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டேப் ஓடவில்லை. அதாவது ஓடியது, நின்றது, யோசித்தது, மறுபடி கொஞ்சம் ஓடியது. இந்த வேகத்தில் போனால் பொங்கலுக்குத்தான் முடியும் போலிருந்தது. ஞானவேல் கையைத் தேய்த்துக்கொண்டார்.

“ஷட்டவுன் பண்ணித் திரும்ப ஏத்துங்க.”

“நிறுத்தவே கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். இப்ப நானே நிறுத்தச் சொல்றேன்.”

விசிறி நின்றது. நிசப்தத்தை விரும்புகிறவள் நான். ஆனால் அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாளும் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரு மூச்சு அறுந்தது போலிருந்தது. வீரம்மா துடைக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு ஞானவேல் சுவிட்சைப் போட்டார். விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது. வரி வரியாகத் திரையில் ஏதேதோ ஓடி, மிஷின் விழித்துக்கொண்டது.

“மேடம், உங்க டெர்மினல்ல ஏதாவது தட்டிப் பாருங்க.”

ஹாலுக்குப் போய் ஒரு மூட்டையைப் பதிந்தேன். பட்டனைத் தட்டினேன். வழக்கம்போல டிராயரைத் திறந்து விட்ட பக்கத்தைத் தேடினேன். பக்கம் கிடைக்கவில்லை, பதில் வந்துவிட்டது. இன்னொன்றைத் தட்டினேன். கையை எடுப்பதற்குள் பதில். கண்ணாடிக்கு உள்ளே டேப் சர்ரென்று ஓடும் சத்தம் கேட்டது. டிராயரை மூடினேன்.

திரும்ப உள்ளே போனபோது ஞானவேல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். திருமலைச்சாமி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இது வேகமான மிஷின்ங்க” என்றார் ஞானவேல் மெதுவாக. “இவ்ளோ நாளா இதை எது புடிச்சு வச்சிருந்துச்சு?” திருமலைச்சாமியின் ப்ரோக்ராம்கள் இருக்கும் டைரக்டரியைத் திறந்தார். “மாவுன்னா என்ன?”

“மன்த்லி அக்ரிகல்ச்சுரல் அக்கவுண்ட்ஸ்...” என்று தொடங்கினான் திருமலைச்சாமி. எம், ஏ, ஏ வரை வந்துவிட்டது, வி, யு-வுக்குச் சொல் தேடி நின்றான். “வெரிஃபிகேஷன் யுடிலிட்டி சார்.”

“நானும் தமிழன்தான்” என்றார் ஞானவேல்.

ப்ரோக்ராமைத் திறந்து படித்தார். அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. “ஒரு சுத்து முடிஞ்சா மணி ஆறான்னு கேக்குது. ஆறுன்னா நிக்குது. சரி. ஆறுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்ச சுத்து ஏழுக்கு முடிஞ்சா?”

“நிக்...” என்றவன் வாயை மூடிக்கொண்டான்.

“நிக்காது. மறுநா ஆறு வரைக்கும் ஓடும். அன்னிக்கும் தவறவிட்டா அதுக்கு மறுநா. நீங்க டெய்லி சாயங்காலம் புதுசா ஒண்ணு வேற ஏத்தறீங்க. ஒண்ணு நிக்காம ஓடினா மிச்சதெல்லாம் இன்னும் லேட்டாவும், அதுங்களும் ஆறைத் தவறவிடும். மழைக்காலம் பூரா ஒரு கூட்டமே உள்ள குந்திக்கினு டிஸ்க்கைத் தேய்ச்சிருக்கு.” கோபத்தில் அவருடைய மெட்ராஸ் வெளியே வந்துவிட்டது. “எதுக்குங்க இது?”

பதிலாக மிஷினுக்குப் பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது. அண்டாவின் மூடி சரிந்து தரையில் சுழன்று சுழன்று அடங்கியது.

ஞானவேல் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“தொரை, கோவிச்சுக்காதீங்க” என்றாள் வீரம்மா. மிஷினிடம் சொன்னாளா அவரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. “இந்த ஊரு குளுருல மாவு பொங்க மாட்டேங்குதுங்க. இவரு முதுகுலதான் பொங்குது. விடிஞ்சா நூறு பேருக்கு இட்லி. நல்லா வந்தா கேன்டீன் எனக்குன்னு செக்கட்டரி ஐயா வாக்கு குடுத்திருக்காரு. ஒங்க புதுசு ஜில்லுன்னு இருக்கும்ன்னீங்களே, அத வச்சு நான் என்னத்தங்க செய்யறது?”

“இந்த மாவுக்காக ப்ரோக்ராமா?” ஞானவேல் திருமலைச்சாமியிடம் திரும்பினார். “யோவ், சூடு வர்றது பவர் சப்ளையிலேர்ந்து. ப்ரோக்ராம் ஓடினாலும் அதே சூடு, ஓடாட்டியும் அதே சூடு. சுவிட்ச் போட்டிருந்தாப் போதும்.”

திருமலைச்சாமியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எத்தனை சாயங்காலம் பூசாரி மாதிரி உட்கார்ந்து தட்டியிருப்பான்! மாட்டிக்கொண்டதுகூட அவனுக்கு அவ்வளவு உறைக்கவில்லை, இதுதான் உறைத்தது.

“நான் ரிப்போர்ட் எழுதுவேன்” என்றார் ஞானவேல். “அண்டாவை மொதல்ல வெளிய எடுங்க.”

திருமலைச்சாமி அசையவில்லை. தரையைப் பார்த்தபடி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான். “எழுதுங்க சார். உள்ள எத்தன ப்ரோக்ராம் ஓடுதுன்னு போன தடவையே ஒரு தட்டு தட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா? அதுக்கு முந்துன தடவையும் வந்தீங்க. தட்டுனீங்களா சார்?”

ஞானவேல் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு வருகையின்போதும் பக்கத்தில் இருந்தவள் நான்.

“காபி நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க” என்றேன்.

நால்வரும் நின்றோம். விசிறிக் காற்று அண்டாக்கள் மேல் வீசிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒருவர் தவறை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வருகிற மௌனத்தைப் போல நீளமானது வேறு இல்லை. அதை முதலில் உடைப்பவன் தோற்பான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

உடைத்தது சேனாதிபதி. “என்னம்மா விசாலாட்சி, மெட்ராஸ்காரரு வந்தாச்சா?” என்று ஹாலிலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது.

வீரம்மா ஏ.சி.யின் பூப்போட்ட உறையை ஒரே இழுப்பில் உருவி மிஷின் மேல் விரித்தாள். பின்பக்கம் அண்டாக்களையும் சேர்த்து மூடியது. நாங்கள் வெளியே வந்தபோது சேனாதிபதி என் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒரு பட்டனைத் தட்டினார். வழக்கப்படி உடனே முகத்தைத் திருப்பிப் பந்தல்காரனைத் திட்டத் தொடங்கியவர், ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துத் துள்ளி எழுந்தார்.

“ஏலே திருமலை! வந்துருச்சுலே!” இன்னொன்றைத் தட்டினார். “அடேயப்பா! தட்டுறதுக்கு முந்தியே வருதே! புது மிஷின்னா புது மிஷின்தான்யா!” கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். “அதுக்குள்ள மேஜையோட சேத்து உறையும் மாட்டியாச்சா? நல்லா இருக்கு, நல்லா இருக்கு. பழசு எங்க, ஏத்தி விட்டாச்சா?”

திருமலைச்சாமி ஞானவேலைப் பார்த்தான். ஞானவேல் மப்ளரைச் சரிசெய்தார்.

“சார்,” என்றார் கடைசியில், “உள்ள புது வெர்ஷன் யூனிக்ஸ் ஏத்தப் போறேன். அது முடிஞ்சா இன்னும் நல்லாருக்கும்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. சேனாதிபதி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மாலைக்குச் சொல்லப் போனார். செக்ரட்டரி போன பின் ஞானவேல் டிரங்க் கால் போட்டு, மென்பொருளை மேம்படுத்தியதில் பழைய மிஷினே சரியாகிவிட்டது, லாரியைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு மிஷின் மிச்சமான மகிழ்ச்சியில் மெட்ராஸ்காரர்கள் போனிலேயே அவரைப் பாராட்டியது எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு அறைக்குள் போனார். பூப்போட்ட உறையின் பின்பக்கத்தைத் தூக்கி அண்டாவுக்கும் விசிறிக்கும் நடுவே இடம் விட்டார்.

“காத்து போவ வழி வேணும்மா” என்றார் வீரம்மாவிடம். “மூடிட்டா மிஷினும் வீணாப் போவும், மாவும் வீணாப் போவும்.” பிறகு இருட்டுவதற்குள் புது யூனிக்ஸை ஏற்றி முடித்தார். சுவிட்சை மட்டும் அணைக்கவில்லை.

இரவே மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்துவிட்டதால் மறுநாள் காலை அதிகாரி வந்துவிட்டார். அறை வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. கத்தரித்தார். உள்ளே ஒரு அடி வைக்கப் போனவர் பலகையைப் படித்தார், தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார், சிமெண்டுத் தரையைப் பார்த்தார்.

“இங்கேயிருந்தே நன்றாகத் தெரிகிறதே” என்றார்.

மாலையைத் திருமலைச்சாமி வாங்கிக்கொண்டுபோய் மிஷினுக்குப் போட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். சேனாதிபதி ஒரு பட்டனைத் தட்டிக் காட்டினார். மறுபடி கை தட்டினார்கள்.

பந்தலில் இலை போட்டார்கள். அதிகாரி இட்லியைத் தொட்டார், விரல் உள்ளே போனது. ஒன்று சாப்பிட்டார். பேசாமல் இன்னும் இரண்டு சாப்பிட்டார். வீரம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் குளிரில் இப்படி எப்படிம்மா வருகிறது?”

“எல்லாம் தொரை புண்ணியமுங்க” என்றாள் வீரம்மா.

அதிகாரி கூச்சத்தோடு சிரித்து, “நான் என்ன செய்தேன்?” என்றார். ஞானவேலுக்குப் புரையேறிவிட்டது. சேனாதிபதி அவர் முதுகைத் தட்டினார். கேன்டீன் சாவி அடுத்த மாதமே வீரம்மாவின் இடுப்பில் தொங்கியது.

இதில் நஷ்டப்பட்டது நான் ஒருத்திதான். தட்டினால் பதில், தட்டினால் பதில். நாவலில் அதே பக்கத்தில் பல நாள் நின்றேன். மேல்மலைப் பூண்டு இவ்வளவு வெரசாகக் கணக்காகி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஒரு சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அறைக்குள் பேச்சுக் குரல் கேட்டது.

“தம்பி, மந்திரம் போடாமப் போறீங்களே?”

“தேவையில்லக்கா. அவரு சொன்னாருல்ல, சும்மா இருந்தாலே சூடுதான்.”

“அவரு மெட்ராஸ்காரரு. அவுக ஊருல சும்மா இருந்தாலே சூடுதானே. அவருக்கு என்னங்க தெரியும்? நீங்க போடுங்க.”

திருமலைச்சாமி பெருமூச்சு விட்டு உட்கார்ந்து, பேருக்கு ஒன்றைத் தட்டித் தேதி என்ன என்று மிஷினிடம் கேட்டான். மிஷின் தேதியைச் சொன்னது.

“இது அது இல்லயே. அது முடிஞ்சதும் தொரைக்குள்ள கிறுகிறுன்னு சத்தம் வரும்.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு ‘மாவு’ ப்ரோக்ராமைத் திறந்தான். இந்த முறை, மறுநாள் காலை ஆறோ ஆறைத் தாண்டியோ இருந்தால் நின்றுவிடு என்று திருத்தத் தொடங்கினான். நான் கதவருகில் செருப்பைக் கழற்றினேன். தரை கொன்றது.

“திருமலை,” என்றேன், “அந்த ஆறைப் பதினொண்ணா மாத்திடேன்.”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் என் மேசையைப் பார்த்தான். திரைக்குத் திரும்பி மாற்றினான். தொரைக்குள் கிறுகிறுவென்று சத்தம் வந்தது. வீரம்மா கும்பிட்டுவிட்டு அண்டாவை உள்ளே தள்ளினாள்.

இப்போது தினமும் காலை பதினொரு மணி வரை ஒரு தட்டுக்கு அரைப் பக்கம் கிடைக்கிறது.